மேன்டிஸ் நிறுவியாகிவிட்டது, அமைவுகளை எங்கிருந்து தொடங்குவது?

கணினித்தச்சன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது பேர் கொண்ட எங்கள் மென்பொருள் குழு இதுவரை பிழைகளை ஒரு பொது விரிதாளில்தான் எழுதி வந்தது. ஒரே வரிசையில் இருவர் ஒரே நேரத்தில் கைவைத்து, ஒருவர் எழுதியது காணாமல் போவது வாடிக்கையாகிவிட்டதால், சொந்த வழங்கியிலேயே (சர்வர்) ஒரு டிராக்கரை (பிழைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) நிறுவிக்கொள்வது என்று முடிவெடுத்தோம். லினக்ஸ் இயங்குதளம், என்ஜின்எக்ஸ் வலை வழங்கி மென்பொருள், பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஆகியவை ஏற்கெனவே அந்த வழங்கியில் ஓடிக்கொண்டிருந்தமையால் அவற்றில் ஓடும் மேன்டிஸ் என்ற டிராக்கரைத் தேர்ந்தெடுத்தேன். கோப்புகளை விரித்துவைத்து, உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்து, தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் அட்டவணைகள் தாமாகவே உருவாகிவிட்டன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. யாராவது ஒரு டிக்கெட்டில் (ஒரு பிழைக்கான பதிவு) குறிப்பு எழுதிச் சேமித்தால், பக்கம் திரும்பி வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 3 எம்பி அளவுள்ள திரைப்பதிவை இணைத்தால் பிழை வருகிறது. ஒருவர் எழுதிய நீண்ட விவரணையில் பாதி மட்டுமே பதிவாகியிருக்கிறது; மீதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவை தவிர, "சோதனையில்" என்ற புதிய நிலை ஒன்றும் வேண்டும் என்று குழுவினர் கேட்கிறார்கள். இவற்றுள் எதை முதலில் கவனிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழங்கிக்காவல் எழுதியது:

நீங்கள் கேட்ட நான்கையும் தொடுவதற்கு முன்பு, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேன்டிஸை நிறுவியதும் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற பெயரிலும் "ரூட்" என்ற கடவுச்சொல்லிலும் ஒரு கணக்கு தானாக உருவாகியிருக்கும். இது உலகறிந்த கடவுச்சொல். உங்கள் பெயரில் வேறொரு நிர்வாகக் கணக்கை உருவாக்கி, அதன் வழியாக நுழைந்து பார்த்தபின் பழையதை முடக்கிவிடுங்கள். நிறுவல் பக்கம் இருக்கும் "அட்மின்" கோப்புறையையும் வழங்கியிலிருந்து நீக்கிவிட வேண்டும். அடுத்த பதிப்புக்கு மாறும்போது அது புதிய கோப்புகளோடு மறுபடி வரும்.

நீங்கள் என்ஜின்எக்ஸ் பயன்படுத்துவதாகச் சொன்னதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமைவுக் கோப்புகள் இருக்கும் கோப்புறைகளை வெளியார் திறக்காமல் தடுப்பதற்காக மேன்டிஸ் தன் தொகுப்பிலேயே தடைக் கோப்புகளை வைத்து அனுப்புகிறது. ஆனால் அவை அப்பாச்சி என்ற இன்னொரு வலை வழங்கி மென்பொருளுக்காக எழுதப்பட்டவை. என்ஜின்எக்ஸ் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. அந்தத் தடைகளை நீங்களே என்ஜின்எக்ஸின் அமைவில் எழுத வேண்டும். அமைவுக் கோப்பு பிஎச்பி வகையைச் சேர்ந்தது என்பதால் உலாவியில் திறந்தாலும் வெற்றுப் பக்கம்தானே வரும் என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் திருத்துவதற்கு முன்பு அதையே "பழையது" என்ற ஒட்டுடன் பக்கத்தில் நகலெடுத்து வைக்கும் பழக்கம் நம்மில் யாருக்கு இல்லை? அந்த நகல் பிஎச்பி கோப்பாகக் கருதப்படாமல், தரவுத்தளக் கடவுச்சொல்லோடு வெறும் உரையாக அப்படியே வெளியே போகும்.

கணினித்தச்சன் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்து முடித்த கையோடு சோதித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே ஒட்டுடன், அதே கோப்புறையில் ஒரு நகல் இருந்தது. அதன் முகவரியை உலாவியில் இட்டதும் கடவுச்சொல் உட்பட முழுக் கோப்பும் திரையில் விரிந்தது. நகலை நீக்கிவிட்டு, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றி, கோப்புறைகளுக்குத் தடை போட்டுவிட்டேன். முகத்தில் அறைந்தது போல் இருந்தது, நன்றி ஐயா.

நெடுவழி எழுதியது:

அரை நிமிடத் தாமதத்துக்குக் காரணம் அநேகமாக மின்னஞ்சல்தான். குறிப்பைச் சேமித்தவுடன், அந்த டிக்கெட்டோடு தொடர்புடைய ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு மடல் உருவாகித் தரவுத்தளத்திலுள்ள ஒரு வரிசையில் நிற்கும். இயல்பான அமைவில், அதே பக்கக் கோரிக்கையின் இறுதியிலேயே அவற்றை அனுப்ப மேன்டிஸ் முயலும். அஞ்சல் வழங்கி பதில் சொல்லவில்லையென்றால், குறிப்பு எழுதியவர் அதுவரை சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மடல் அனுப்ப நீங்கள் எந்தப் போர்ட்டை, அதாவது இணைப்பு வாயில் எண்ணை, கொடுத்திருக்கிறீர்கள்?

கணினித்தச்சன் எழுதியது:

எஸ்எம்டிபி என்ற மடல் அனுப்பும் நெறிமுறை வழி, போர்ட் 25. இதுவரை ஒருவருக்கும் ஒரு மடல்கூட வரவில்லை என்பதை இப்போதுதான் விசாரித்து அறிந்தேன்.

நெடுவழி எழுதியது:

அப்படியானால் ஐயமே இல்லை. எரிதங்களை, அதாவது வேண்டாத மடல்களை, தடுப்பதற்காக, வழங்கிகளை வாடகைக்கு விடுவோரில் பலர் 25ஆம் போர்ட் வழியாக மடல் வெளியே செல்வதை அடைத்துவைத்திருக்கிறார்கள். சிலர் மறுப்புச் செய்தியைக்கூட அனுப்பாமல் கோரிக்கையை அப்படியே விழுங்கிவிடுவதால், காத்திருப்பு நேரம் தீரும்வரை நிரல் நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருக்கும். என்னுடைய முன்னாள் வழங்கியில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போர்ட்டை 587 என்று மாற்றி, இணைப்பு முறையாக ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைக் குறித்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். அடுத்து, மடல்களைப் பக்கக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பாமல், கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாகத் தனியே அனுப்பும்படி மாற்றுங்கள். அதற்கென்று அமைவில் ஒரு வரி உண்டு; மடல் அனுப்பும் சிறுநிரலும் "ஸ்கிரிப்ட்ஸ்" கோப்புறையில் தயாராகவே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஓடவிட்டால் போதும். அஞ்சல் வழங்கி ஒரு மணி நேரம் படுத்துக்கிடந்தாலும் குறிப்பு எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது. மாற்றுவதற்கு முன்பு வரிசையில் தேங்கிக் கிடக்கும் பழைய மடல்களைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே உங்கள் குழுவினரின் அஞ்சல்பெட்டிகள் நிரம்பிவிடும்.

மாற்றுவழி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்கு ரெட்மைன் என்ற டிராக்கரை நிறுவியிருக்கலாமே என்று தோன்றுகிறது. பணிப்போக்கை, அதாவது யார் டிக்கெட்டை எந்த நிலைக்கு மாற்றலாம் என்பதை, பயனரின் பங்கு வாரியாகவும் டிக்கெட் வகை வாரியாகவும் ஒரு கட்டத்தில் குறியிட்டே அமைத்துக்கொள்ளலாம். புதிய நிலையைச் சேர்க்க எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. விக்கி, காலக்கோட்டு வரைபடம், நேரக்கணக்கு ஆகியவையும் கூடவே வருகின்றன.

நெடுவழி எழுதியது:

மாற்றுவழி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பணிப்போக்கை அமைக்கும் வசதியில் ரெட்மைன் மேலானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்னஞ்சல் தடையும் கோப்பின் அளவு வரம்பும் அங்கேயும் இதே வழங்கியில் இதே முகத்தோடுதான் வந்து நிற்கும். தவிர, அது எழுதப்பட்ட ரூபி மொழியின் பதிப்பு, ரெயில்ஸ் சட்டகத்தின் பதிப்பு, நாம் சேர்த்த செருகுநிரல்களின் பதிப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் ரெட்மைனை அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோக முடியும். பராமரிப்பவர் ஒருவரே, அவருக்கும் இது பகுதிநேர வேலை என்றால், மேன்டிஸில் புதிய கோப்புகளைத் தனிக் கோப்புறையில் விரித்து, அமைவுக் கோப்புறையை அங்கே நகலெடுத்து, நிறுவல் பக்கத்தின் வழியாக அட்டவணைகளைப் புதுப்பிப்பதோடு வேலை முடிந்துவிடும். தெரிந்தெடுத்தாகிவிட்ட ஒன்றை மூன்றாம் நாளே மாற்றச் சொல்வது நியாயமல்ல என்பது என் எண்ணம்.

பழம்பதிவு எழுதியது:

ஒரு சிறு கிளைக்கதை. 1998இல் மொசில்லா உலாவித் திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் பக்ஸில்லா என்ற டிராக்கரை எழுதியபோது அது முதலில் டிசிஎல் என்ற நிரல்மொழியில்தான் இருந்தது. பலரும் பங்களிக்க ஏதுவாக இருக்கட்டும் என்று பிறகு பெர்ல் மொழிக்கு மாற்றினார். அதன் நிறுவல் நிரலை ஓட்டினால், எந்தெந்தப் பெர்ல் கூறுகள் இல்லை, அவற்றைச் சேர்க்க எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிவிடும். அந்த நாணயம் புதிய மென்பொருள்கள் பலவற்றில் இல்லை. சரி, விட்ட இடத்துக்கு வருவோம்.

வழங்கிக்காவல் எழுதியது:

இணைப்புக் கோப்பைப் பற்றி. அந்த 3 எம்பி கோப்பு வரிசையாகப் பல கதவுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது; மிகச் சிறிய கதவு எதுவோ அதுவே உங்கள் வரம்பு. முதல் கதவு என்ஜின்எக்ஸ்: வேறு அளவு குறிக்காவிட்டால் 1 எம்பிக்கு மேற்பட்ட எதையும் 413 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். அதைத் தாண்டினால் பிஎச்பி: தனிக்கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி என்பது அதன் இயல்பு வரம்பு. மூன்றாவதாக மேன்டிஸுக்கே உரிய வரம்பு ஏறத்தாழ 5 எம்பி. நான்காவது கதவைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள்: மேன்டிஸ் இயல்பாக இணைப்புகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைக்கிறது, எனவே மைஎஸ்க்யூஎல் ஒரே தவணையில் ஏற்கும் பொதியின் அளவும் குறுக்கே வரும். 5.7 பதிப்பில் அது 4 எம்பி, 8.0இல் 64 எம்பி.

என் பரிந்துரை, இணைப்புகளைத் தரவுத்தளத்துக்கு வெளியே, வட்டில், இணையத்தின் வழி எட்ட முடியாத ஒரு கோப்புறையில் வைப்பது. தரவுத்தளக் காப்புப்பிரதி ஊதிப் பெருகாமலும் இருக்கும். ஆனால் இதை இப்போதே செய்துவிட வேண்டும். ஆயிரம் டிக்கெட் சேர்ந்தபின் இடம் மாற்றுவது தனிப் பணியாகிவிடும்.

எழுத்தெண்ணி எழுதியது:

பாதி விவரணை காணாமல் போனதைப் பற்றி நான் ஓர் ஊகம் சொல்கிறேன். அது வெட்டுப்பட்ட இடத்தில் எமோஜி ஏதாவது இருந்ததா என்று எழுதியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணினித்தச்சன் எழுதியது:

கேட்டேன். "பொத்தானை அழுத்தினால் இப்படி ஆகிறது" என்று எழுதி, அதன் பக்கத்தில் அழும் முகம் ஒன்றைப் போட்டிருக்கிறார். சரியாக அந்த முகத்துக்கு முன்பே உரை நின்றுவிட்டது. இது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?

எழுத்தெண்ணி எழுதியது:

அடிபட்டுக் கற்றதுதான். மைஎஸ்க்யூஎல்லில் "யுடிஎஃப்8" என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டு வந்தது உண்மையில் முழு யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் முறை) அன்று. ஒரு குறியீட்டுக்கு அதிகபட்சம் 3 பைட் மட்டுமே தரும் குறைப்பிரசவம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்கு அந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை. எமோஜிகளில் பெரும்பாலானவற்றுக்கு 4 பைட் தேவை. தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இயங்கினால் அதை மறுத்துப் பிழை காட்டும். தளர்வு முறையில் இயங்கினால் அந்த இடத்தோடு உரையை வெட்டிவிட்டு, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். உங்களுடையது தளர்வு முறை.

4 பைட்டையும் ஏற்கும் "யுடிஎஃப்8எம்பி4" 5.5.3 பதிப்பிலிருந்தே மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது. ஆனால் அட்டவணைகளை மட்டும் அதற்கு மாற்றினால் பயனில்லை. மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பின் குறியாக்கமும் அதுவாகவே இருந்தால்தான் எழுத்து முழுதாக உள்ளே போகும். ஆகவே முதல் வேலையாகக் கண்டிப்பு முறையை இயக்குங்கள். எமோஜி போட்டவருக்குப் பிழைச்செய்தி வருவது, அவர் எழுதியது சத்தமில்லாமல் பாதியாகப் போவதைவிட எவ்வளவோ மேல். தரவு இன்னும் அதிகம் சேராத நிலையில், போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறிவிடுவதும் ஒரு வழி. அங்கே இந்தக் குழப்பமே கிடையாது, மேன்டிஸும் அதை ஆதரிக்கிறது.

தமிழில் டிக்கெட் எழுதுவோருக்கு இன்னொரு குறிப்பு. சுருக்கத் தலைப்புக்கு மேன்டிஸ் தரும் இடம் 128 குறியீடுகள். "இணைப்பு" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடு, ஏனென்றால் ஐகாரக் குறி, உகரக் குறி, புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்படும். எனவே தலைப்பு எழுபது எழுத்தைத் தாண்டும்போதே இடம் முடிந்துவிடலாம். தலைப்பில் கதை சொல்லாமல், எந்தத் திரையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதப் பழக்குங்கள்.

கணினித்தச்சன் எழுதியது:

இரண்டு நாள் கழித்து நிலவரம் சொல்ல வந்திருக்கிறேன். 587க்கு மாற்றி, கிரானையும் அமைத்தபின் குறிப்பு ஒரு நொடிக்குள் சேமிக்கப்படுகிறது. இணைப்புகள் வட்டுக்குப் போய்விட்டன; 10 எம்பி வரை மற்ற மூன்று கதவுகளையும் திறந்துவைத்திருக்கிறேன். தரவு குறைவு என்பதால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போஸ்ட்கிரஸில் புதிதாகவே நிறுவிவிட்டேன். இருபது டிக்கெட்டுகளை மறுபடி தட்டச்சு செய்ததுதான் செலவு.

புதிதாக ஒரு தலைவலி: மடலில் வரும் இணைப்பைச் சொடுக்கினால் உள்வலையின் முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் வருகின்றன, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அது திறப்பதில்லை. முன்னால் ஒரு மறுமுகப் பதிலி (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள் வழங்கிக்கு அனுப்புவது) இருக்கிறது. ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு அந்தப் பதிலியோடு நின்றுவிடுகிறது.

வழங்கிக்காவல் எழுதியது:

தளத்தின் முழு முகவரியை, ஹெச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டோடும் கடைசிச் சாய்கோட்டோடும் அமைவுக் கோப்பில் நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், வந்த கோரிக்கையின் தலைப்பகுதியிலிருந்து முகவரியை மேன்டிஸ் ஊகித்துக்கொள்ளும்; நடுவில் பதிலி இருக்கும்போது அந்த ஊகம் தவறும். இது வசதிக்காக மட்டும் சொல்வதன்று. கோரிக்கையின் தலைப்பகுதியை வெளியார் திரித்து அனுப்பி, கடவுச்சொல் மீட்பு மடலில் தம் முகவரியை நுழைத்துவிடக்கூடிய ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு 2024இல் 2.26.1 பதிப்பில் அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்புகளுக்குச் சொல்லப்பட்ட மாற்று வழியும் இதே வரியை நிரப்புவதுதான்.

கணினித்தச்சன் எழுதியது:

நிரப்பிவிட்டேன், சரியாகிவிட்டது. எஞ்சியிருப்பது "சோதனையில்" என்ற நிலை. நிலைகளின் பட்டியலில் 85 என்ற எண்ணோடு அதைச் சேர்த்தேன். "தீர்ந்தது" 80, "மூடியது" 90 என்பதால் இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் பொருத்தம் என்று நினைத்தேன். ஆனால் சோதிப்பவர்கள் அந்த நிலையிலுள்ள டிக்கெட்டில் குறிப்பு எழுத முடியவில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் முடிகிறது.

நெடுவழி எழுதியது:

அந்த எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. 10 புதியது, 20 விளக்கம் தேவை, 30 ஏற்றது, 40 உறுதியானது, 50 ஒப்படைத்தது, 80 தீர்ந்தது, 90 மூடியது. 80உம் அதற்கு மேற்பட்டதும் எல்லாமே தீர்ந்தவை என்று மேன்டிஸ் கணக்கிடும். தீர்ந்த டிக்கெட் படிப்பதற்கு மட்டும் உரியதாகிவிடும். மேலாளர் நிலைக்குக் கீழே உள்ளவர்கள் அதில் குறிப்பு எழுத முடியாது. நீங்கள் நிர்வாகி என்பதால் உங்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. அறிக்கைகளிலும் சோதனையிலுள்ள டிக்கெட்டுகள் அனைத்தும் தீர்ந்தவையாகவே எண்ணப்பட்டிருக்கும்.

50க்கும் 80க்கும் இடையே இருக்கும் இடைவெளி இப்படிப்பட்ட நிலைகளுக்காகவே விடப்பட்டதுபோல் இருக்கிறது. எண்ணை 60 அல்லது 70 என்று மாற்றுங்கள். மாற்றும்போது, ஏற்கெனவே 85இல் நிற்கும் டிக்கெட்டுகளையும் புதிய எண்ணுக்கு நகர்த்த மறக்க வேண்டாம். இல்லையேல் அவை பெயரற்ற நிலையில் தொங்கும். நிலையின் பெயரையும், அதன் எண்ணுக்கு நிரலில் இடும் மாறிலியையும் அமைவுக் கோப்புறையில் அவற்றுக்குரிய தனிக் கோப்புகளில் எழுதுங்கள். மூலக் கோப்புகளில் கைவைத்தால் அடுத்த பதிப்பில் எல்லாம் அழிந்துபோகும்.

"குறிப்பு எழுத முடியவில்லையே, எல்லாருக்கும் மேலாளர் அனுமதி கொடுத்துவிடலாம்" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். பிழையை எழுதுபவர் அறிவிப்பாளர், சரிசெய்பவர் உருவாக்குநர். ஒன்பது பேருக்கு ஒரே ஒரு மேலாளர் போதும். வெளியார் தாமாகவே கணக்குத் தொடங்கும் வசதி இயல்பாகவே திறந்திருக்கும், அதையும் அடைத்துவிடுங்கள்.

பழம்பதிவு எழுதியது:

என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதம் புதிய நிலை எதுவும் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பேன். நான் பராமரித்த ஒரு டிராக்கரில் பதினான்கு நிலைகள் இருந்தன. எந்த டிக்கெட் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பேசுவதற்கென்றே வாரம் ஒரு கூட்டம் நடந்தது. "ஒப்படைத்தது" என்ற நிலையில் வைத்து, டிக்கெட்டைச் சோதிப்பவரின் பெயருக்கு மாற்றினாலே அது சோதனையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிடும்.

கணினித்தச்சன் எழுதியது:

பழம்பதிவு அவர்களின் கருத்தைக் குழுவில் வைத்தேன். ஐந்துக்கு நான்கு என்று தோற்றுவிட்டது. எனவே "சோதனையில்" 60ஆம் எண்ணில் இருக்கிறது. குறிப்பும் எழுத முடிகிறது.

நேற்று காப்புப்பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தேன். தரவுத்தளம், இணைப்புக் கோப்புறை, அமைவுக் கோப்புறை ஆகிய மூன்றையும் எடுத்துவைத்திருந்ததால் கால் மணி நேரத்தில் தளம் எழுந்துவிட்டது. ஆனால் மடல் வரிசையும் அமைவும் அப்படியே நகலாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தக் கணினியில் கிரானையும் இயக்கியதும், காலையில் எடுத்த பிரதியில் அனுப்பப்படாமல் நின்ற ஆறு மடல்கள் இரண்டாம் முறையாகக் கிளம்பிப் போய்விட்டன. "இது ஏற்கெனவே மூடியதுதானே?" என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் விளங்கியது.

வழங்கிக்காவல் எழுதியது:

ஒத்திகைக் கணினியின் அமைவில் மின்னஞ்சலை அணைத்துவிட்டு, அதன் பிறகே தளத்தை எழுப்ப வேண்டும். மீட்கும் சிறுநிரல் ஒன்று எழுதிவைத்து, அந்த வரியை அதிலேயே முதலாவதாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஒத்திகையைச் செய்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

கணினித்தச்சன் எழுதியது:

சேர்த்துவிட்டேன். அந்தச் சிறுநிரலையே டிராக்கரில் ஒரு டிக்கெட்டாகப் போட்டு, அதற்குச் "சோதனையில்" என்ற நிலையையும் கொடுத்து, என்னோடு பணிபுரியும் இன்னொருவர் பெயருக்கு ஒப்படைத்திருக்கிறேன்.